விலை காதில் கேட்குமா?

2017-ல் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஒலியியல் ஆய்வாளர் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். காதுக்குள் செருகுவது, காதின்மேல் உட்காருவது, காதையே மூடுவது என 283 ஹெட்போன் மாடல்களின் ஒலி அளவீடுகளை எடுத்து, கடை விலையோடு ஒப்பிட்டார். அடிநாதம் முதல் உச்ச சுருதி வரை ஒரு கருவி எதை எவ்வளவு உரக்கக் கொடுக்கிறது என்பதற்கும் அதன் விலைக்கும் தொடர்பே தென்படவில்லை.

அதிக விலை கொடுத்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் பொய் சொல்லவும் இல்லை. 2008-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரே ஒயினை வெவ்வேறு விலை சொல்லிக் குடிக்கக் கொடுத்தார்கள். விலை கூடியபோது ருசியும் கூடியதாகக் குடித்தவர்கள் சொன்னார்கள். மூளை ஸ்கேனில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதியும் கூடுதலாக விழித்துக்கொண்டது. விலைச்சீட்டு உண்மையிலேயே ருசிக்கிறது!

அதனால்தான் ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் விலைச்சீட்டையே மறைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே ஹெட்போனை மாட்டிவிட்டு, மென்பொருள் வழியாகப் பல மாடல்களின் ஒலியை அதிலேயே வரவழைத்தார்கள். பிராண்டும் எடையும் பளபளப்பும் தெரியாதபோது பெரும்பாலோரின் விருப்பம் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலியமைப்பில் போய் நின்றது. 'ஹார்மன் வளைகோடு' என்று இன்று சொல்லப்படுவது அதுதான். வளைகோடு தெரிந்துவிட்டால் அதை எட்ட லட்ச ரூபாய் தேவையில்லை. 2022-ல் சீனாவின் மூன்டிராப் கொண்டுவந்த 'சூ' இயர்போன் சுமார் 20 டாலருக்கே நல்ல பெயர் வாங்கியது.

விளம்பரங்கள் அதிகம் பேசாத சமாச்சாரம் ஒன்று உண்டு: இயர்போன் நுனியில் இருக்கும் சிலிக்கோன் டிப். அது செவித்துளையைக் காற்றுப் புகாமல் அடைத்தால்தான் உள்ளே சிக்கிய சிறிதளவு காற்றை இயர்போனின் சவ்வு அழுத்தித் தளர்த்தி அடிநாதத்தை எழுப்ப முடியும். இம்மி இடைவெளி இருந்தாலும் அந்த மெதுவான அழுத்தம் வெளியே கசிந்துவிடும்; மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போய், வலந்தலை மட்டும் டிக்டிக்கென்று கேட்கும். ஒருவர் கொண்டாடும் இயர்போனை இன்னொருவர் தகர டப்பா என்று திட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். பெட்டியில் வரும் மூன்று அளவு டிப்களையும் மாட்டிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது வீண்.

பணம் உண்மையில் வேலை செய்யும் இடமும் உண்டு. 1978-ல் விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் பாட்டைவிட இன்ஜின் இரைச்சலே அதிகம் கேட்டதால், போஸ் நிறுவனத்தின் நிறுவனர் அமர் போஸ் அந்தப் பயணத்திலேயே எதிர் அலையால் இரைச்சலை அடக்கும் கணக்குகளைப் போடத் தொடங்கினார். 1989-ல்தான் அந்த நுட்பத்தோடு விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது. அந்த நுட்பத்துக்கு நல்ல மைக்குகளும் வேகமான சிப்பும் வேண்டும். மலிவானவை இதில்தான் பெரும்பாலும் திணறுகின்றன. பேருந்தில் இரைச்சலை மீறிக் கேட்பவர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார். உலக சுகாதார நிறுவனமோ 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் போதும் என்கிறது. இரைச்சல் அடங்கினால் சத்தத்தைக் குறைத்தே கேட்கலாம். அதற்குக் கொடுக்கும் காசு நியாயமானது.

கழற்றி மாட்டும் கேபிளுக்கும் அப்படியே. வயர் இயர்போனில் பெரும்பாலும் முதலில் சாவது வயர்தான். வெள்ளிக் கேபிள் என்று தனியாக விற்பதற்குப் பல ஆயிரம் கொடுப்பதுதான் புரியவில்லை. வெள்ளி செம்பைவிடச் சுமார் 6 சதவீதமே கூடுதலாக மின்சாரம் கடத்தும், அதுவும் ஒரு மீட்டர் நீளத்துக்கு.