மக்னீசியமும் டைபாய்டுக் கிருமியும்

மாரண்டஹள்ளியிலிருந்து இருப்புப்பாதை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், சேலத்தை அணுகுமுன் 'மேக்னசைட்' என்னும் நிலையத்தின் பெயர்ப்பலகையைக் காண்பர். அப்பக்கத்துக் கரடுகளிற் கிடைக்கும் வெள்ளைக்கல்லினால் வந்த பெயர் அது. அக்கல்லிலுள்ள மக்னீசியமே பச்சிலையின் நிறப்பொருளிலும் பேதி உப்பிலும் உளது. நமது உடலுக்கு அது இன்றியமையாதது; நம்முட் புகும் கிருமிக்கும் அவ்வாறே. கிருமியினுள் புரதங்களை ஆக்கும் ரைபோசோம்கள் மக்னீசியமின்றி நிலைபெறா. அதன் புறத்தோலை இறுக்கிப் பிணைப்பதும் மக்னீசியமே.

டைபாய்டுச் சுரத்தை விளைக்கும் கிருமி சால்மொனெல்லா இனத்தது. அசுத்த நீரோடு குடலை அடைந்து, அதன் சுவரைக் கடந்து, கிருமிகளை விழுங்கியழிக்கும் வெள்ளணுக்களுக்குள்ளேயே அது குடியேறுகின்றது. ஆங்கு ஒரு சிறு பையில் அடைபட்டும் அது மாயாது பெருகுதல் எவ்வாறு?

கிருமியின் உட்சவ்வில் ஃபோ-க்யூ என்றொரு புரதம் உண்டு. வெளியே மக்னீசியம் மிகுந்திருக்குங்கால் அது வாளா இருக்கும். குறையுமாயின் ஃபோ-பி என்னும் துணைப்புரதத்தைத் தூண்டும். புளிப்பு மிகுதலும் அதற்கு ஓர் அறிகுறியாம். உடனே மக்னீசியத்தை உள்ளிழுக்கும் புரதங்கள் தோன்றுகின்றன. புறத்தோலும் மக்னீசியத்தின் துணையின்றி நிற்குமாறு மாறுகின்றது. வியப்பு யாதெனின், அம்மாற்றமே வெள்ளணுவின் கிருமிநாசினிப் புரதங்களைத் தடுக்கும் கேடயமும் ஆகின்றது. பஞ்சத்திற்குத் தைத்த உடை போர்க்கவசமாயிற்று என்னலாம்! மக்னீசியம் ஏ.டி.பி. என்னும் ஆற்றற்பொருளோடு பிணைந்து நிற்பது. ஆதலின் வறட்சி முற்றியவிடத்து எம்.ஜி.டி.சி. என்னும் சிறு புரதம் ஏ.டி.பி. உண்டாதலையே குறைத்து மக்னீசியத்தை மிச்சப்படுத்துகின்றது. காசநோய்க் கிருமிக்கும் இதனையொத்த புரதம் உண்டு.

ஆயின் பேதி உப்பை உண்டு கிருமியை ஏமாற்றலாமோ என்று நம் மாணவர் சிலர் வினவக்கூடும். ஆகாது. போர் நிகழ்வது ஓரணுவின் உட்பையில். அன்றியும், அப்பையில் மக்னீசியம் குறைதல் நமக்கே நன்மை. 2019-இல் சுவிட்சர்லாந்தின் பேசல் பல்கலைக்கழகத்தார், டைபாய்டுக் கிருமிக்கு உறவான மற்றொரு சால்மொனெல்லாவைக் கொண்டு எலிகளில் ஆராய்ந்து இதனைக் கண்டனர். எஸ்.எல்.சி.11.ஏ.1 என்னும் புரதம் கிருமிக்கு மக்னீசியம் கிட்டாதவாறு செய்து அதன் வளர்ச்சியைத் தடுக்கின்றது. அப்புரதம் பழுதுற்ற எலிகளிற் கிருமி விரைந்து பெருகிற்று.

கிருமியின் அளவுகோலைப் பறித்துவிடின் என்னாகும்? மக்னீசியமே ஃபோ-க்யூவுக்குரிய அறிகுறி என்று குரோய்ஸ்மன் குழுவினர் வெளியிட்ட 1996-லேயே இதற்கு விடை வந்தது. ஃபோ-பி, ஃபோ-க்யூ இரண்டும் நீக்கப்பட்ட டைபாய்டுக் கிருமிகளைத் தொண்டர் சிலர் விழுங்கினர். அவர்க்கு டைபாய்டு தோன்றவில்லை. அதனை எதிர்க்கும் பொருள்களே உடலில் தோன்றின.