கம்பியில்லாச் சுட்டி

பழனிமலைத் தொடரில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் கொடைக்கானல். அங்குள்ள வானொலி நிலையம் 100.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பரப்பும் ஒலி, மலையை விட்டிறங்கி மதுரையிலும் திண்டுக்கல்லிலும் கேட்கின்றது. அவ்வூரிலேயே ஒரு வீட்டில், மூன்றடித் தொலைவிலுள்ள கணினிக்குக் கம்பியில்லாச் சுட்டியின் செய்தி சென்று சேராமற் போவதும் உண்டு. கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பம் செலுத்தும் இறுதி நாளில் அவ்வாறு நேர்ந்தால் என் செய்வது? பூம்பாறை, மன்னவனூர் போன்ற சிற்றூர்களில் வாழ்வோர் வேறொரு சுட்டி வாங்க மலைப்பாதையில் நகருக்கு வரவேண்டும். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

சுட்டியை உருவாக்கியவர் அமெரிக்கரான டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர். 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரில் அவர் அதனைப் பலரறிய இயக்கிக் காட்டினார். வாலைப் போன்று கம்பி நீண்டிருந்தமையால் அதற்குச் சுண்டெலி என்னும் பெயர் வாய்த்தது. இன்று வாலற்ற சுண்டெலிகளே மிகுதி.

சுட்டியின் அடியிலுள்ள சிறு விளக்கு மேசைமீது ஒளி வீசுகின்றது. அருகிலுள்ள ஒளியுணரி, நொடிக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்ட படங்களை எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சுட்டி நகர்ந்த திசையை அறிகின்றது. அச்செய்தி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையாகப் புறப்பட்டு, கணினியிற் செருகிய சிறு வாங்கியை அடைகின்றது. வானொலி நிலையத்தின் ஆற்றலைக் கிலோவாட்டுக் கணக்கில் அளப்பர். சுட்டியின் ஆற்றலோ ஒரு சில மில்லிவாட்டே. ஒரு கிலோவாட்டு என்பது பத்து லட்சம் மில்லிவாட்டு அன்றோ! ஆதலின் சுட்டியின் குரல் ஏறத்தாழ பத்து மீட்டருக்குள் அடங்கிவிடும். சிறு இரைச்சலும் அதனை அமிழ்த்திவிடும்.

மலையூரில் இத்தகைய பழுது நேர்ந்தால் பலரும் மூடுபனியின்மீது பழி சுமத்துவர். அது பொருந்தாது. சுட்டியின் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். பனித்துளிகளோ மிக நுண்ணியவை. அவை அவ்வலையைத் தடுப்பதில்லை. கொடைக்கானல் வானாய்வகத்தார் நூறாண்டுகளுக்கு மேலாக நோக்கிவரும் கதிரவனிடத்தும் குற்றமில்லை. கதிரவனில் எழும் வெடிப்புகள் தொலைநாட்டுச் சிற்றலை வானொலியைக் குலைக்கும். மேசைமேற் செல்லும் அலையை அவை தொடா.

குளிரும் ஈரமும் வேறு வழியில் இடர் செய்வனவே. குளிரில் மின்கலத்தினுள் நிகழும் வேதிவினை தளர்ந்து, ஆற்றல் குன்றும். மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் இயங்காத சுட்டி, அறை வெதுவெதுப்பானபின் தானே இயங்குவதற்குக் காரணம் இதுவே. மின்கலத்தை அடுப்பருகே காய்ச்சுதல் மட்டும் கூடாது. அது வெடிக்கவும் கூடும். மின்கலம் தொடும் தகட்டில் வெண்மையான படிவு இருப்பின், உலர்ந்த துணியால் துடைத்தல் வேண்டும். சுட்டியின் ஒளியுணரிக் கண்ணில் ஈரம் படிதலும் உண்டு. பொத்தானை அழுத்தினால் வேலை நடக்கின்றது, திரையில் முள் மட்டும் நகரவில்லை என்றால், தொடர்பு அறவில்லை. கண்ணே மறைந்துள்ளது என்று தெளியலாம்.

பொத்தானும் பயன்படவில்லையெனில், சுட்டியின் அடியிலுள்ள நிறுத்தியை அணைத்துப் போட்டுப் பார்த்து, பின்பு புதிய மின்கலம் இடவேண்டும். அடுத்து வாங்கியைக் கழற்றி வேறு துளையிற் செருக வேண்டும். நீலநிறம் பூண்ட யூஎஸ்பி 3.0 துளைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்புவதை 2012-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தார் எடுத்துக்காட்டினர். எனவே அத்துளைகளினின்று வாங்கியை விலக்கி, சிறு நீட்டிப்புக் கம்பியால் சுட்டியின் அருகே கொணர்தல் நன்று. கணினியின் இரும்புப் பெட்டிக்குப் பின்புறம் அதனைச் செருகுவதே பலர் செய்யும் பிழை. மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைப்பகுதியில் இயங்குவதால், அது ஓடும்போது சுட்டி தடுமாறலாம். புளூடூத் வகையாயின், கணினியின் பட்டியலிலிருந்து சுட்டியை நீக்கி, மீண்டும் இணைக்க வேண்டும். இவ்வளவும் செய்தபின், வேறொரு கணினியில் சுட்டியைச் சோதித்தால், பழுது எப்பக்கம் என்பது விளங்கிவிடும்.

சுட்டி இறுதிவரை இயங்காவிடினும் விண்ணப்பம் நின்றுவிடாது. விசைப்பலகையில் 'டேப்' விசையை அழுத்த, ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்திற்குச் செல்லலாம். இடைவெளி விசையால் தெரிவுகளைக் குறிக்கலாம். 'என்டர்' விசையால் அனுப்பிவிடலாம்.