பிளெஸ்க் கூடுதல் நிர்வாகி கணக்குகள்

பிளெஸ்க் கூடுதல் நிர்வாகி கணக்குகள் என்பவை, பிளெஸ்க் என்னும் இணைய வழங்கிக் கட்டுப்பாட்டுப் பலகத்தில், முதன்மை நிர்வாகிக்குத் துணையாக வேறு நபர்களும் வழங்கியை நிர்வகிப்பதற்காக உருவாக்கப்படும் பயனர் கணக்குகள் ஆகும். ஒரே கடவுச்சொல்லைப் பலர் பகிர்ந்து கொள்வதைத் தவிர்ப்பதும், எந்தச் செயலை யார் செய்தார் என்பதைப் பிற்பாடு அறிய வழிசெய்வதும் இவற்றின் முக்கிய நோக்கங்கள் ஆகும்.

பின்னணி

பிளெஸ்க் லினக்ஸ், விண்டோஸ் ஆகிய இரு இயங்குதளங்களிலும் செயற்படும் வணிக மென்பொருள் ஆகும். வலைத்தளங்கள், மின்னஞ்சல் பெட்டிகள், தரவுத்தளங்கள், ஆள்களப் பெயர்கள் போன்றவற்றை உலாவி வழியாகவே நிர்வகிக்க இது உதவுகின்றது. வழக்கமாக இது 8443 என்னும் துறை எண்ணில் பாதுகாக்கப்பட்ட இணைப்பில் இயங்கும். இம்மென்பொருளை எசுடபிள்யூசாஃப்ட் நிறுவனம் 2003 ஆம் ஆண்டில் வாங்கியது. அந்நிறுவனம் 2008 இல் பேரலல்ஸ் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2017 இல் பிளெஸ்க், ஓக்லி கேப்பிட்டல் என்னும் முதலீட்டு நிறுவனத்தின் கீழ் தனி நிறுவனமானது.

பயனர் படிநிலை

பிளெஸ்க்கில் பயனர்கள் பின்வரும் படிநிலைகளில் அமைகின்றனர்:

1. நிர்வாகி - வழங்கி முழுவதற்கும் பொறுப்பானவர். இவரது பயனர் பெயர் 'அட்மின்' என்பதாகும்.
2. கூடுதல் நிர்வாகி - நிர்வாகியின் அதிகாரங்களில் ஏறத்தாழ அனைத்தையும் உடையவர்.
3. மறுவிற்பனையாளர் - தமக்கு ஒதுக்கப்பட்ட வளங்களைப் பிரித்துத் தம் வாடிக்கையாளர்களுக்கு வழங்குபவர்.
4. வாடிக்கையாளர் - தம் சந்தாவுக்கு உட்பட்ட வலைத்தளங்களை மட்டும் நிர்வகிப்பவர்.
5. துணைப் பயனர் - வாடிக்கையாளரால் சேர்க்கப்பட்டு, குறித்த சில பணிகளுக்கு மட்டும் அனுமதி பெற்றவர்.

ஒரு வலைத்தளத்தின் கோப்புகளைத் திருத்த மட்டும் ஒருவருக்கு அனுமதி தேவையெனில், அவருக்கு நிர்வாகி கணக்கு தேவையில்லை. துணைப் பயனர் கணக்கே போதுமானது.

பயன்படும் சூழல்கள்

கூடுதல் நிர்வாகி கணக்குகள் பொதுவாக இரு வகையினருக்கு வழங்கப்படுகின்றன. ஒரு வகையினர் நிலையாகப் பணிபுரியும் வழங்கி நிர்வாகிகள். மற்றையோர் ஒரு குறிப்பிட்ட சிக்கலைத் தீர்ப்பதற்காக மட்டும் உள்ளே வரும் தொழில்நுட்ப உதவியாளர்கள். பின்னவர்களுக்கான கணக்கு, பணி முடிந்தவுடன் நீக்கப்பட வேண்டிய தற்காலிகக் கணக்காகும்.

பலரும் ஒரே 'அட்மின்' கணக்கைப் பயன்படுத்தும் இடத்தில், ஒரு தரவுத்தளம் அழிக்கப்பட்டால், குறிப்பேட்டில் 'அட்மின்' என்ற ஒரு பெயரே பதிவாகியிருக்கும். தவறு செய்தவரைக் கண்டறிய இயலாது என்பதுடன், தவறு செய்யாதவர்கள் தம்மேல் பழி இல்லை என நிறுவவும் இயலாது. மேலும், ஒருவர் பணியை விட்டு விலகும்போது அனைவரும் புதிய கடவுச்சொல்லுக்கு மாற வேண்டியுள்ளது. நடைமுறையில் இது தள்ளிப் போடப்படுவதால், விலகியவர் பல மாதங்கள் வரை உள்ளே நுழையக்கூடிய நிலை ஏற்படுகின்றது. தனிக் கணக்கு இருந்தால், அந்த ஒரு கணக்கை முடக்குவதோடு பிறர் பணி தடையின்றித் தொடரும்.

கணக்கு உருவாக்குதல்

முதன்மை நிர்வாகி புகுபதிகை செய்து, கருவிகளும் அமைப்புகளும் அடங்கிய பகுதிக்குச் சென்று, கூடுதல் நிர்வாகி கணக்குகளுக்கான பக்கத்தைத் திறக்க வேண்டும். புதிய கணக்குக்குப் பயனர் பெயர், கடவுச்சொல், தொடர்பாளர் பெயர், மின்னஞ்சல் முகவரி ஆகியவை தரப்படும். கணக்கு எதற்காக உருவாக்கப்பட்டது என்பதைக் குறிப்பாக எழுதி வைத்தல் பிற்காலத்தில் பயன்படும். 'உதவி1', 'உதவி2' என்றவாறு பொதுப் பெயர்களை இடுவதைவிட, ஆளைத் தெளிவாகக் காட்டும் பெயரை இடுவதே இவ்வசதியின் நோக்கத்துக்குப் பொருந்தும். கணக்கை அழிக்காமல் தற்காலிகமாக முடக்கி வைக்கவும் முடியும்.

அதிகாரங்களும் வரம்புகளும்

கூடுதல் நிர்வாகி, முதன்மை நிர்வாகி செய்யும் பணிகளில் பெரும்பாலானவற்றைச் செய்யலாம். ஆயினும் பின்வரும் இரண்டையும் செய்ய இயலாது:

* பிற நிர்வாகிகளின் கணக்கு அமைப்புகளைப் பார்த்தல் அல்லது மாற்றுதல்
* செயற்பாட்டுக் குறிப்பேட்டை அழித்தல்

இரண்டாவது வரம்பு முக்கியமானது. தன் செயலின் தடயத்தைத் தானே அழிக்க முடிந்தால், தனிக் கணக்கு அளிப்பதால் பயன் ஏதும் இராது. இவ்விரு வரம்புகள் தவிர, கூடுதல் நிர்வாகி என்பவர் குறைந்த அதிகாரம் உடையவர் அல்லர். நேரம் குறித்துத் தானே இயங்கும் பணிகளை அமைக்கும் வசதி தடை செய்யப்படாத வழங்கியில், அதன் வழியாக இயங்குதளத்தின் உயர்நிலைக் கட்டளைகளையும் இயக்க முடியும். எனவே, வழங்கியின் முழுக் கட்டுப்பாட்டையும் ஒப்படைக்கத் தகுந்தவர்களுக்கு மட்டுமே இக்கணக்கை வழங்க வேண்டும்.

பாதுகாப்பு

நிர்வாக உரிமையுடன் புகுபதிகை செய்வதை, குறிப்பிட்ட ஐபி முகவரிகளுக்கு மட்டும் என வரையறுக்கலாம். இப்பட்டியலில் தம் முகவரியைச் சேர்க்க மறக்கும் நிர்வாகியும் வெளியே நிறுத்தப்படுவார். வீட்டு இணைய இணைப்புகளின் முகவரி அவ்வப்போது மாறக்கூடியது என்பதால், நிலையான முகவரி உடையோருக்கே இம்முறை ஏற்றது. கடவுச்சொல்லோடு, கைப்பேசிச் செயலி தரும் சிறிது நேரமே செல்லுபடியாகும் எண்ணையும் கேட்கும் இருபடி உறுதிப்படுத்தலைத் தனி நீட்சி மூலம் சேர்க்கலாம். ஒரு கணக்கைப் பலர் பகிர்ந்தால் அந்த எண்ணையும் பகிர வேண்டியிருக்கும். தனிக் கணக்குகளில் இச்சிக்கல் எழுவதில்லை.

பலகத்தில் கணக்கை நீக்குவது மட்டும் ஒருவரின் அணுக்கத்தை முழுமையாக நீக்கிவிடாது. எசுஎசுஎச் வழியாக நுழைவதற்கான திறவுகோல்கள், இயங்குதளத்தின் ரூட் கடவுச்சொல், தரவுத்தளக் கடவுச்சொற்கள் ஆகியவை தனியானவை. லினக்ஸ் வழங்கியில் ரூட் உரிமை உடையவர், பிளெஸ்க் கடவுச்சொல் தெரியாமலேயே ஒருமுறை மட்டும் பயன்படும் புகுபதிகை இணைப்பைக் கட்டளை மூலம் உருவாக்கிக் கொள்ள முடியும். அதேபோல, ரூட் உரிமையுடன் கட்டளை வரியில் நேரடியாக அழிக்கப்பட்ட கோப்பு, பலகத்தின் செயற்பாட்டுக் குறிப்பேட்டில் இடம்பெறாது. ஆகவே ஒருவர் விலகும்போது இவை அனைத்தையும் சேர்த்தே சரிபார்க்க வேண்டும்.

பிற பலகங்களில்

சிபேனல் பலகத்தில் வழங்கி நிர்வாகம் டபிள்யூஎச்எம் என்னும் தனிப் பகுதியில் நடைபெறுகின்றது. அங்கு மறுவிற்பனையாளர் கணக்குக்கு அதிகாரங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்து வழங்கலாம். அனைத்து அதிகாரங்களும் வழங்கப்பட்டால் அக்கணக்கு ரூட் கணக்குக்கு நிகராகிவிடும். திறமூல மென்பொருளான வெப்மின்னில், ஒவ்வொரு பயனருக்கும் அல்லது குழுவுக்கும் எந்தெந்தக் கூறுகளைத் திறக்கலாம் என்பதைத் தனித்தனியே வரையறுக்க முடியும். இவற்றோடு ஒப்பிடுகையில், பிளெஸ்க்கின் கூடுதல் நிர்வாகி கணக்கு அதிகாரத்தைப் பகுத்தளிப்பதைவிட, பொறுப்பை ஆளுக்கு ஆள் பிரித்தறிவதற்கே அதிகம் பயன்படுகின்றது.