பனிக்காலத்தில் கேரவன்

கேரவன் என்றதும் நமக்கு சினிமா நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் பெரிய வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். பிரிட்டனில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. எஞ்சின் கிடையாது, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சின்ன வீடு. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே உண்டு. 1885-ல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை மருத்துவர் ‘வாண்டரர்’ என்ற குதிரை வண்டியில் ஊர் சுற்றினார். அப்போது பிடித்த பைத்தியம். 1907-ல் இதற்கென்று ஒரு சங்கமே ஏற்பட்டுவிட்டது. கோடையெல்லாம் சுற்றிவிட்டு, நவம்பர் முதல் மார்ச் வரை பலர் வண்டியை நிறுத்திவைத்துவிடுகிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க அங்கே போய்வந்தவர்கள், வீட்டு வாசலில் போர்வை போர்த்தி நிற்கும் இந்த வண்டிகளைப் பார்த்திருக்கலாம்.

சும்மா பூட்டிவைத்தால் போதாதா? போதாது. குளிரைவிடப் பெரிய எதிரி உள்ளே தங்கிவிட்ட தண்ணீர்தான். உறையும்போது தண்ணீரின் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. குழாய், பம்ப், வெந்நீர்த் தொட்டி எதுவும் அதைத் தாங்காது. சிம்லாவில் ஜனவரியைக் கழித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் வீட்டில் குழாய் வெடித்தால் உடனே தெரியும், வண்டியில் தெரியாது. விரிசலைப் பனிக்கட்டியே அடைத்துக்கொண்டிருக்கும். ஏப்ரலில் தண்ணீர் நிரப்பும்போதுதான் சுவருக்குள்ளிருந்து கசியும்.

ஆகவே முதல் வேலை, சொட்டுக்கூட இல்லாமல் வடிப்பது. வெந்நீர்த் தொட்டியின் வடிகால் அடைப்பானைத் திறக்கணும்; பம்பை எடுத்து உதறணும்; ஷவர் தலையைத் தரையில் கிடத்தணும்; கழிப்பறைத் தொட்டியையும் காலி செய்யணும். ஒற்றைக் கைப்பிடி உள்ள குழாயில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அதை ஒரு பக்கமாகத் திறந்தால் மறுபக்கத்துக் குழாயில் தண்ணீர் மாட்டிக்கொள்ளும். நடுவில் நிறுத்தி, குளிர்காலம் முழுக்கத் திறந்தே விட்டுவிட வேண்டும்.

அடுத்தது ஈரம். பழைய வண்டிகளில் சுவருக்குள் இருப்பது மரச்சட்டம். கூரை இணைப்பில் பூசிய பசை விட்டுப்போனால் மழைநீர் இறங்கி மரம் உளுத்துப்போகும், வெளியே பளபளவென்று இருக்கும். ஈரமானி 20 சதவீதத்தைத் தாண்டினால் பழுது பார்க்க வேண்டியதுதான். காற்றோட்டம் வேண்டும், மெத்தைகளை நிமிர்த்தி வைத்து, ஃபிரிட்ஜ் கதவை ஒருக்களித்து விடலாம். குளிர் வருகிறதே என்று தரையில் உள்ள காற்றுத் துளைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வெளியேற அதுதான் வழி. பிளாஸ்டிக் தார்ப்பாயும் வேண்டாம், உள்ளே வேர்த்துவிடும். மூச்சுவிடும் துணியே நல்லது.

சிலர் பனியிலும் கிளம்புவார்கள். அவர்களுக்கு பியூட்டேன் சிலிண்டர் உதவாது. பூஜ்யம் டிகிரியை ஒட்டி அது வாயுவாக மாறுவதே நின்றுவிடும். மைனஸ் 42 டிகிரி வரை வாயுவாகும் புரோப்பேன்தான் வேண்டும்.

பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுபோய் அவ்வப்போது சார்ஜ் ஏற்றுவது உத்தமம். சார்ஜ் இறங்கிய ஈய பேட்டரி மைனஸ் 10 டிகிரியிலேயே உறைந்துவிடும். கை பிரேக்கைப் போட்டு மாசக்கணக்கில் விட்டால் பிரேக் ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு பிரேக்கைத் தளர்த்திவிடுவார்கள். ஒரே இடத்தில் பாரம் தாங்கி டயர் கெடாதிருக்க, இடையில் ஒருமுறை வண்டியைக் கொஞ்சம் நகர்த்திவைப்பதும் வழக்கம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களையும் அப்போதே பார்த்துவிடலாம்: முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பட்டன் தேயாவிட்டாலும் ஏழு வருஷம் ஆகிவிட்டால் மாற்றிவிடணும்.