எந்தக் கதவைத் தட்டுவது?



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு காலத்தில் ஆபீஸ் என்றால் தோட்ட ஆபீஸ் ஒன்றுதான். சம்பளம் அங்கே, வீடு கேட்பதும் அங்கே. காய்ச்சல் என்றால் டிரஸ்ஸர். கடிதம் எழுத கிராணி. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகை. கேட்டுக்கு வெளியே இருந்த அரசாங்கத்தோடு நேரில் பேசும் பழக்கம் பலருக்கு ஏற்படவே இல்லை.

அதற்குக் கொடுத்த விலை பெரிது. 1957இல் நாடு சுதந்திரம் பெற்றபோது, ஏற்கெனவே இங்கு வாழ்ந்தவர்கள் குடியுரிமைக்கு மனுச் செய்யலாம் என்று வழி திறந்தது. முதல் ஓராண்டுக்கு மொழிச் சோதனை கூட இல்லை. விவரம் எட்டாமலும், பத்திரம் கையில் இல்லாமலும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தும் பலர் அதை விட்டுவிட்டார்கள். 1968இல் வேலை அனுமதிச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்றானது. பால்மரம் வெட்டிய பல்லாயிரம் பேர் தமிழகம் திரும்ப நேர்ந்தது. அவர்களில் பலரைக் கப்பலேற்றி அனுப்பிய துறைமுகம் இதே பினாங்குதான்.

ஆகவே, எந்தக் காரியத்துக்கு எந்த அலுவலகம் என்று அறிந்திருப்பது குடும்பத்துக்கு ஒரு சொத்து. பினாங்கில் அதை எப்படிக் கண்டுகொள்வது?

நம்மை ஆள்வது மூன்று படிகள். முதல் படி நகராண்மை. தீவுக்கு ஒரு மாநகர் மன்றம், செபராங் பிறைக்கு ஒரு மாநகர் மன்றம். குப்பை, சாக்கடை, தெருவிளக்கு அவர்கள் பொறுப்பு. இரண்டாவது மாநில அரசு. நிலத்தைப் பற்றிய காரியங்கள் அதைச் சேர்ந்தவை. மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களிலும் மாவட்ட, நில அலுவலகம் உண்டு. செபராங் பிறையின் வட பகுதிக்குக் கெப்பாலா பத்தாசிலும், நடுப் பகுதிக்குப் புக்கிட் மெர்தாஜத்திலும், தென் பகுதிக்குச் சுங்கை ஜாவியிலும் இருக்கின்றன. மாவட்டத்துக்குள் முக்கிம்கள், அவற்றைப் பார்ப்பவர் பெங்ஹுலு. மூன்றாவது கூட்டரசு. மருத்துவமனை, பள்ளிக்கூடம், பதிவு இலாகா, தொழிலாளர் இலாகா எல்லாம் அதன் கீழ். பதிவு இலாகா செய்ய வேண்டிய வேலையை மாவட்ட அலுவலகத்தில் கேட்டு நின்றால் ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும்தான் போகும்.

தோட்டத்து மக்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தோட்டம் தனியார் நிலம். லயத்து வீட்டுக் கூரை ஒழுகினாலும், குழாய்த் தண்ணீர் கெட்டிருந்தாலும், அதைச் சரிசெய்ய வேண்டியவர் முதலாளி. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், தொழிலாளர் வீடமைப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை விதிக்கிறது. இந்தப் புகாரைத் தொழிலாளர் இலாகாவிடம் சொல்ல வேண்டும். வாசல் பலகையில் 'ஜபாத்தான் தெனாகா கெர்ஜா' என்று இருக்கும். சம்பளப் பாக்கி இருந்தாலும் அதே கதவுதான்.

தோட்டம் கைமாறுவதும் மூடப்படுவதும் நமக்குப் புதிதல்ல. பத்து காவானில் செம்பனை நின்ற இடத்தில் இன்று தொழிற்சாலைகளும் புதிய நகரமும் நிற்கின்றன. ஆட்குறைப்பு என்றால், 1980ஆம் ஆண்டின் விதிகளின்படி, ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு, செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். தக்க காரணமின்றி வேலையிலிருந்து நீக்கினால், 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். அறுபத்தோராம் நாள் போய் நின்று பயனில்லை.

வேலையில் விபத்து நேர்ந்தால் சொக்சோ. முதலாளி தமக்குத் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். அறிவித்தாரா என்று நீங்களும் கேளுங்கள். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு. ஊழியர் சேமநிதியில் வாரிசின் பெயரை எழுதி வையுங்கள். எழுதாமல் போனால், உங்களுக்குப் பின் உங்கள் பிள்ளைகள்தான் பத்திரத்துக்காக அலைவார்கள்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை தேசியப் பதிவு இலாகா. குழந்தை பிறந்தால் 60 நாட்களுக்குள் பதிந்துவிடுங்கள். பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுங்கள். கோயிலில் தாலி கட்டினால் போதாது. 1982 மார்ச் முதல் திருமணத்தையும் பதிய வேண்டும். பதியாத திருமணத்தில் பிறக்கும் குழந்தை தந்தையின் குடியுரிமையைப் பெறாது. தாய்க்கும் பத்திரம் இல்லையென்றால், பிள்ளையின் படிப்பும் வேலையும் கேள்விக்குறியாகிவிடும்.

தனியே போகத் தயக்கமா? 1954இல் தொடங்கிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்திடம் கேளுங்கள். ஜார்ஜ் டவுனில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் உண்டு. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி இலாகா உண்டு. தொகுதி சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலும் உதவி கேட்கலாம். வீட்டில் அடி உதையால் துன்பப்படும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 15999 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் 999.

கடைசியாக ஒன்று. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பத்திரத்தின் நகலைக் கொடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். மனுக் கொடுத்தால் இன்னொரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பேசிய அதிகாரியின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, எந்த வேலைக்கு எந்த அலுவலகம், என்ன எண் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் அது உதவும்.

கேட்பது பிச்சையல்ல, நேயர்களே. சட்டம் கொடுத்த உரிமை. தயங்காமல் கதவைத் தட்டுங்கள்.