வெறும் கோதிலிருந்து ஒரு தடுப்பூசி

"பாடசாலையில் ஊசி போடப் போகிறார்களாம்" என்று ஆறாம் தரத்தில் கற்கும் மகள் வந்து சொன்னதும் சில தாய்மாரின் முகம் வாடி விடுகிறது. இந்தச் சின்ன வயதில் புற்றுநோய்த் தடுப்பூசி எதற்கு? நாளைக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் பாதகமாகி விடாதா? படித்த தாய்மாரும் இப்படிக் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் விடையை அயல்வீட்டில் தேடாமல், அந்த ஊசி உருவான பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் தேட வேண்டும்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் எதனால் வருகிறது என்பது நீண்டகாலமாகப் புதிராகவே இருந்தது. 1970களில் பலரது சந்தேகமும் ஹேர்பிஸ் வைரஸின் மீதே விழுந்திருந்தது. ஜேர்மனிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனோ, மருக்களை உண்டாக்கும் பப்பிலோமா வைரஸ் குடும்பத்தையே சந்தேகித்தார். பிரைபேர்க் பல்கலைக்கழகத்தில் பல வருடங்கள் தேடிய அவரது குழுவினர், 1983இலும் 1984இலும் அவ்வைரஸின் 16ஆம், 18ஆம் வகைகளைப் புற்றுத் திசுக்களில் இனங்கண்டனர். இந்நோயில் சுமார் 70 சதவீதத்துக்கு இவ்விரு வகைகளுமே காரணம். 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

காரணம் தெரிந்தும் தடுப்பூசி இலகுவில் கிடைக்கவில்லை. இந்த வைரஸை ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுப்பது மிகக் கடினம். மேலும், அதன் மரபணுவே புற்றை உண்டாக்கும்போது, அதைப் பலவீனப்படுத்தி உடலில் ஏற்ற யார் துணிவார்?

1989இல் அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் பிரேசர், கேம்பிரிட்ஜில் ஜியான் சோ என்ற சீன ஆய்வாளரைச் சந்தித்தார். மறு வருடம் சோ தம் மனைவி சுன் சியாவோ யியுடன் பிரிஸ்பேனுக்குச் சென்றார். கணவனும் மனைவியும் ஒரே ஆய்வுகூடத்தில் உழைத்தனர். வைரஸின் வெளிக்கூட்டுக்குரிய புரதங்களை மட்டும் அவர்கள் உருவாக்கினர். 1991இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, அப்புரதங்கள் தாமாகவே ஒன்றுசேர்ந்து வைரஸைப் போன்ற கூடுகளாகியிருந்தன. உள்ளே மரபணு இல்லை. பருப்பில்லாத கச்சான் கோது என்று வைத்துக்கொள்ளுங்களேன். கோதைப் புதைத்தால் செடி முளைக்குமா? ஆனால் உடலோ அதை உண்மையான வைரஸ் என்றெண்ணி எதிர்ப்புச் சக்தியைத் திரட்டிக்கொள்கிறது. அமெரிக்க ஆய்வாளர்களும் இதே வழியில் உழைத்தனர். யார் முந்தியவர் என்பது நீதிமன்றம் வரை சென்றது. அந்தப் பிணக்கு நமக்கு வேண்டாம்.

சோ 1999இல், 42 வயதில் காலமானார். தடுப்பூசி பாவனைக்கு வந்தது 2006இல்தான்.

பலன்? ஸ்கொட்லாந்தில் 12, 13 வயதில் இந்த ஊசியைப் பெற்ற பெண்களின் விபரங்களை ஆராய்ந்து 2024இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் ஒருவருக்கேனும் பரவும் நிலையிலான கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஏற்பட்டிருக்கவில்லை.

இலங்கையில் 2017 முதல் ஆறாம் தர மாணவிகளுக்கு இது இலவசமாக ஏற்றப்படுகிறது. பத்து வயதிலேயே ஏன்? இவ்வைரஸ் பெரும்பாலும் பாலுறவின் மூலமே தொற்றுகிறது. ஏற்கெனவே தொற்றிய வைரஸை ஊசியால் விரட்ட முடியாது. ஆகவே மணவாழ்வுக்குப் பல வருடங்கள் முன்பே ஏற்ற வேண்டும். தவிர, இளவயதில் எதிர்ப்புச் சக்தியும் நன்கு உருவாகிறது. இது மலட்டுத்தன்மையை உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. மாறாக, கருப்பையையே அகற்றவேண்டிய நிலைக்குப் பெண்ணைத் தள்ளுவது அந்த நோய்தான்.

மகளுக்கு ஊசி போட்டாயிற்று. தாய்க்கு? கலங்களில் மாற்றம் தொடங்கிப் புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 வருடங்கள் செல்லும். அந்த நீண்ட இடைவெளியில் கண்டுபிடித்தால் புற்றாகும் முன்பே சிகிச்சையளிக்கலாம். 35 வயதையும் 45 வயதையும் அடையும் பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக்கில் இதற்கான பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. வெட்கத்தினாலேயே பலர் அந்தப் பக்கம் போவதில்லை. உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டால் நாளும் இடமும் சொல்வார். ஊசி எல்லா வகை வைரஸையும் தடுப்பதில்லை என்பதால், இன்று ஊசி பெறும் மகளும் அந்த வயதில் இப்பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.

மாதவிடாய் நின்ற பின்னர் இரத்தம் படுதல், உறவின் பின் இரத்தக் கசிவு, துர்நாற்றத்துடன் வெள்ளைபடுதல் ஆகியன இருந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே வைத்தியரிடம் செல்லுங்கள்.