வளைவில் 'டக் டக்' சத்தமா? ஆக்ஸிலைப் பாருங்க!

திண்டுக்கல்லில் இருந்து சிறுமலைக்கு ஏறினால் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது முன் சக்கரப் பக்கம் 'டக் டக்' என்று கேட்கிறதா? பெரும்பாலும் அது ஆக்ஸில் முனையில் இருக்கும் சி.வி. ஜாயின்ட் தேய்ந்த சத்தம்தான்.

அம்பாசடர், பத்மினி கார்களைத் தள்ளியது பின் சக்கரங்கள். 1983-ல் மாருதி 800 வந்த பிறகுதான், முன் சக்கரமே இழுத்து, அதுவே திரும்பவும் செய்யும் கார்கள் இங்கே பெருகின. அந்த இரட்டை வேலையைத் தாங்குவது இந்த ஜாயின்ட். அதை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போகும். சத்தம் வருவதற்கு முன்பே கிழிசலைப் பார்த்துவிட்டால் உறை, கிரீஸ் செலவோடு முடியும். சத்தம் வந்துவிட்டால் பெரும்பாலும் ஆக்ஸிலையே மாற்ற வேண்டியதுதான்.

வீட்டு வாசலில் நீங்களே மாற்றப் போகிறீர்களா? சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்ஸில் நட்டைத் தளர்த்திவிடுங்கள். ரொம்ப இறுக்கமாக இருக்கும். தூக்கிய பிறகு முட்டிமோதினால் கார் நழுவும். காரோடு வரும் ஜாக்கி பஞ்சருக்கு மட்டும்தான். அதை நம்பி அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் அடுக்குவதும் ஆபத்து, திடீரென நொறுங்கும். கெட்டியான தரையில் ஜாக் ஸ்டாண்ட் வையுங்கள், பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள்.

ஆக்ஸிலை உருவும்போது கியர் ஆயில் கொட்டும். கீழே தட்டு வேண்டும். கொட்டிய அளவுக்குத் திரும்ப ஊற்ற மறந்தால் கியர்பாக்ஸுக்கே வேட்டு. ஆயில் சீலில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய நட்டைத் திரும்பப் போடாமல் புதியதையே போட்டு, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். அது கையில் இல்லையென்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.